கடல் முகம் கேட்ட மாலை

வானொலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கருவிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது நீங்கள் கையாள்பவற்றில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. நான் பேச வந்தது ஒலி நின்றுபோவதைப் பற்றி. நேரடி ஒலிபரப்பில் பேச்சு நின்றால் யோசிக்காதே, இசைத்தட்டைப் போடு என்று என் முதல் நாளிலேயே சொன்னார்கள். உங்களுக்கும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லியிருப்பார்கள். சரியான பேச்சுதான். என் வேலைக்காலம் முழுக்க நான் அதன்படிதான் நடந்தேன், ஒரு மாலையைத் தவிர.

எங்கள் தீவுக்குச் சுயாட்சி வந்த புதிது. நான் சிறுவர் நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். நிலையத்தின் கடைக்கோடியில் எங்கள் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்கத் தடித்த துணி. கதவைச் சாத்திவிட்டால் ஊர் எங்கோ தலைக்கு மேலே, தண்ணீருக்கு வெளியே போய்விட்டதுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் ஓடிவருவார்கள். உள்ளே கால் வைத்ததும் ஓட்டம் தானாக நின்றுவிடும். குளத்தின் அடியில் நடப்பவர்களைப் போல மெல்ல நடந்து மைக்கை நெருங்குவார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது அவர்கள் முகங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். நான் அவர்களுக்கு ரேடியோ அக்கா.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கோமதி. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அவள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். அவள் உடுப்பில் எப்போதும் மிளகாய்த்தூள் வாசனை வரும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் தும்முவார்கள். பிறப்பால் அவள் சீனக் குழந்தை. வளர்க்க முடியாத குடும்பம் ஒன்று கைக்குழந்தையாக அவளைக் கொடுத்தது, பிள்ளையில்லாத மில்காரத் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தேக்கா பக்கம் அப்படி வளர்ந்த பெண்கள் பலர் உண்டு. கோமதிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. ழகரத்தை அவள் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

இன்னொருத்தி பிலோமினா. நல்ல கறுப்பு, நெடுநெடுவென்று உயரம். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். வயதுக்குப் பொருந்தாத கனத்த குரல். பெரிய மண்பானைக்குள் யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். மாதா கோவில் பாடகர் குழுவில் அந்தக் குரலுக்காகவே அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கோ அது கிடைத்தற்கரிய குரல்.

இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. ஒருமுறை அவர்களோடு பஸ்ஸில் போனேன். சீனக் கண்டக்டர் கோமதியைப் பார்த்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கேட்டார். கோமதி விழித்தாள். "என்னமோ கேக்குறாரு, நீ சொல்லுடி" என்று தோழியை இடித்தாள். பிலோமினா தன் பானைக் குரலில் ஹொக்கியனில் பதில் சொல்லி டிக்கெட் வாங்கினாள். அக்கம்பக்கத்துச் சீன வீடுகளில் விளையாடிப் பழகிய மொழி. கண்டக்டர் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார், தமிழ் பேசும் சீன முகத்தையும் சீனம் பேசும் தமிழ் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறை தர மறந்து முன்னால் போய்விட்டார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள்.

ஆனால் கோமதி எப்போதும் சிரிக்கவில்லை. பள்ளியில் அவளைச் "சீனச்சி" என்று கூப்பிடுவார்கள். தைப்பூசத்தில் வரிசையில் நின்றால் யாராவது வந்து, வேடிக்கை பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று கையைக் காட்டுவார்கள். "ரேடியோவுல யாரும் என்னைத் திரும்பிப் பாக்கமாட்டாங்க அக்கா. அதான் எனக்கு இங்க பிடிக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அந்த ஆண்டு நான் ஒரு சிறுவர் நாடகம் எழுதினேன். மழை மறந்துபோன ஊரிலிருந்து ஒரு சிறுமி நடந்து நடந்து கடலிடம் போகிறாள், மேகம் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. சிறுமி கோமதி, கடல் பிலோமினா. முடிவில் பிள்ளைகள் எல்லாரும் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுவார்கள். பிறகு இரண்டு விரல், மூன்று விரல். தூறல் வலுத்துப் பெருமழையாகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கூரை மேல் மழைதான்.

வானொலியில் அது நன்றாகப் போனது. கலைவிழாக் குழு ஒன்று அதை மேடையில் போடக் கேட்டது. கடற்கரையை ஒட்டிய பெரிய மண்டபம், மேடையிலிருந்தே நேரடி ஒலிபரப்பு. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மழைப் பிள்ளைகளின் அம்மாக்கள் பச்சைத் துணி வாங்கி இலை உடுப்பு தைக்கத் தொடங்கினார்கள்.

ஒத்திகை பார்க்க விழாக் குழுத் தலைவர் வந்தார். வசதியானவர்கள் இருக்கும் காத்தோங்கில் வீடு, நல்ல வியாபாரம், தாராளமான கை. வரும்போதே பிள்ளைகளுக்கு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். குரல்களைக் கேட்டுக் கண் கலங்கினார். பிறகு மைக் முன்னால் நின்றவர்களைப் பார்த்தார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"என்னம்மா இது, சீனப் பொண்ணா? நம்ம விழாவுல, நம்ம நாடகத்துல?"

"கோமதி தமிழ்ப் பொண்ணுதாங்க. மில்காரர் மகள்."

"எனக்குத் தெரியுதும்மா. சபைக்குத் தெரியணுமே. நான் யாரையும் குறை சொல்லல. குரல் அவளோடதே இருக்கட்டும், திரைக்குப் பின்னாடி நின்னு பேசட்டும். மேடையில என் பொண்ணு சுகுணா நிப்பா. பார்க்க லட்சணமா இருப்பா. வாயை அசைச்சாப் போதும். யாருக்கு என்ன நஷ்டம்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "கடல் பேசுதே, அந்தப் பொண்ணை நிறுத்தலாமான்னுகூடப் பார்த்தேன். அது வெளக்கப் போட்டாலும் இருட்டால்ல இருக்கும்!"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. நான் ஒப்புக்கொள்ள முடியாது என்றேன். "அப்ப மண்டபம் இல்லம்மா" என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

எங்கள் நிலையத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஐயாவிடம் போனேன். "நிறுத்தணும்னா நிறுத்து. உன் நிகழ்ச்சி, உன் முடிவு" என்றார். இலை உடுப்புகள் நினைவுக்கு வந்தன. பிள்ளைகளின் காரியத்தை அவர்களிடம் மறைத்துவிட்டு முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோமதியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். நாடகத்தை நிறுத்திவிடலாம், உனக்காக எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்றேன்.

அவள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வேணாம் அக்கா. சின்னப் புள்ளைங்க எல்லாம் டிரஸ் தச்சிட்டாங்க. நான் பின்னாடியே நிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே."

கதவருகே பிலோமினா நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்த பேச்சையும் அவள் கேட்டிருக்கிறாள்.

"நீ ஏண்டி சரின்னு சொன்ன?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"உனக்கு ஒண்ணும் இல்ல. என்னை இருட்டுன்னு சொன்னாரு. எனக்கு இருக்குலா! நீ சரின்னு சொன்னா அதுக்கும் சேர்த்துச் சரின்னுதானே அர்த்தம்?"

அதன்பிறகு ஒத்திகைகளில் இருவரும் ஒரே மைக்கின் இரு பக்கமும் நின்று, நாடக வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடலும் சிறுமியும் மட்டும் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸிலும் தனித்தனி இருக்கை என்று மற்ற பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

விழா மாலை. மண்டபத்தின் உயரமான ஜன்னல்கள் திறந்திருந்தன. கடல் காற்று உள்ளே வந்து திரையை மெல்ல ஊதி, மெல்ல இழுத்தது, தூங்குகிறவரின் மூச்சுபோல. நான் மேடையின் பக்கவாட்டில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், பின்திரைக்குப் பின்னால் நின்ற என் இரண்டு பெண்களும் தெரிவார்கள். என் அருகில் எங்கள் ஒலித்தொழில்நுட்பக்காரர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர். எல்லாரும் அவரை அபாங், அதாவது அண்ணன் என்போம். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு குரல் நடுங்கப்போகிறதென்றால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார். இனி இந்தத் தீவில் எல்லா இனத்தவரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்றார். நல்ல கைதட்டல். விளக்கு மங்கியது, நாடகம் தொடங்கியது.

சுகுணாவுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். உருண்டைக் கன்னம், பட்டுப் பாவாடை. கோமதியின் குரலுக்கு அவள் உதடுகள் அசைந்தன. பயத்தில் சில இடங்களில் குரலுக்குப் பிந்தியும் சில இடங்களில் முந்தியும் அசைந்தன. சபை அதைப் பொருட்படுத்தவில்லை. சிறுமி வறண்ட குளங்களைக் கடந்தாள், தூங்கும் ஊர்களைக் கடந்தாள். கடைசியில் கடல் வந்தது. இரு பக்கமும் சிறு பிள்ளைகள் நீலப் பட்டுத் துணியைப் பிடித்து அசைத்தார்கள். விளக்கொளியில் அது ஏறி இறங்கியபோது மேடையே மிதப்பதுபோல் இருந்தது.

"கடலே, எங்கள் ஊரை மழை மறந்துவிட்டது. குளத்தில் வானம் தெரிவதில்லை. எனக்குக் கொஞ்சம் மேகம் தருவாயா?" என்றது கோமதியின் குரல்.

'கைகளை நீட்டு, தருகிறேன்' என்று கடல் சொல்ல வேண்டும்.

பிலோமினா மூச்சை இழுத்தாள். மைக்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்தாள்.

"பெண்ணே, உன் குரல் எங்கிருந்தோ வருகிறது. நீ எங்கே இருக்கிறாய்? முகம் காட்டாதவளுக்கு நான் எப்படி மேகம் கொடுப்பேன்?"

நான் எழுதாத வசனம்.

ஒலி நின்றது. மேடையில் சுகுணா பாதி திறந்த வாயோடு உறைந்தாள். நீலத் துணி அசைவதை நிறுத்தியது. ஜன்னல் வழியாக உண்மையான கடலின் இரைச்சல் லேசாகக் கேட்டது. அபாங்கின் கை இசைத்தட்டின் முள்ளுக்குப் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"துங்கு?" காத்திருக்கவா என்று மலாயில் கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது தெரியுமா? சிராங்கூன் சாலைக் காப்பிக் கடைகளில் கைகள் வானொலித் திருகுக்குப் போகின்றன. ஐயா தன் வீட்டில் நிமிர்ந்து உட்காருகிறார். என் வேலை போகிறது. இசையைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பிலோமினா வசனத்தை மறந்துவிட்டாள் என்று சபை நினைத்துக்கொள்ளும். நாடகம் அடுத்த காட்சிக்குப் போய்விடும். இவ்வளவும் தோன்றிய பிறகுதான் கோமதியைப் பார்த்தேன். அவள் பயந்திருந்தால் இசையைப் போடச் சொல்லியிருப்பேன். அவள் பயப்படவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எவ்வளவு குளிர் என்று ஒரு காலால் தொட்டுப் பார்க்கும் பிள்ளையின் முகம். அந்த யோசனையின் மேல் இசையைக் கொட்ட என்னால் முடியவில்லை.

"துங்கு" என்றேன்.

அபாங் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் அசைந்தது சுகுணா. அவள் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அப்படிச் செய்யவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். பின்திரையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கோமதி பள்ளிச் சீருடையில், வெறுங்காலோடு வெளிச்சத்துக்கு வந்தாள்.

சபை சலசலத்தது. யாரோ சிரித்தார். "இது யாரு, சீனப் புள்ளை?" என்று முன்வரிசையில் ஒருவர் உரக்கவே கேட்டார்.

"எம் பொண்ணுய்யா!"

கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். மில்காரர் எழுந்து நின்றிருந்தார். கூச்ச சுபாவம், கடையில்கூட இரைந்து பேசாத மனிதர். "எம் பொண்ணு. கோமதி" என்று மறுபடி சொன்னார். உட்கார மறந்து அப்படியே நின்றார். அவர் அருகில் அவர் மனைவியும் எழுந்து நின்றார்.

கோமதி அவர்களைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த அழகான ழகரத்தோடு, மைக்கே தேவையில்லாதபடி பேசினாள்.

"இதோ என் முகம், ஆழ்கடலே. நீயும் வா. நான் தனியாக நிற்கமாட்டேன்."

அதுவும் நான் எழுதாததுதான். பிலோமினா இதை எதிர்பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் அவள் ஒரு அடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். கோமதி திரைப் பக்கம் கைகளை நீட்டிக் காத்திருந்தாள். பிலோமினா என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தவள், விளக்கடிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். துணி பிடித்திருந்த சிறு பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுகுணா ஓடிப்போய்த் துணியின் ஒரு முனையை வாங்கி, எட்டி எட்டிப் பிலோமினாவின் தோளில் போட்டாள். அந்தக் கறுப்பு முகமும் அந்த நீலமும்! அதைவிட அழகான கடலை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

"கைகளை நீட்டு, தருகிறேன்" என்றாள் பிலோமினா.

கோமதி ஏற்கெனவே நீட்டியிருந்த கைகளை அவள் பிடித்துக்கொண்டாள். மழைப் பிள்ளைகள் உள்ளங்கையில் தட்டத் தொடங்கினார்கள். ஒரு விரல். இரண்டு விரல். சபையில் இருந்த குழந்தைகளும் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து அம்மாக்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. சிலர் எழுந்து போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். தலைவர் முன்வரிசையில் முழங்காலில் கைவைத்துக்கொண்டு, தான் போட்ட கணக்கில் இல்லாத இடத்தில் தன் மகள் நிற்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஐயா கூப்பிட்டனுப்பினார். "பேச்சு நின்னதும் ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டித் தட்டிப் பார்த்தேன்" என்றார். "மழைச் சத்தம் கேட்டு என் சம்சாரம் கொடித்துணிய எடுக்க ஓடிட்டா." சிரிக்கவில்லை. விழாக் குழுவிலிருந்து புகார் வந்திருப்பதாகவும், இனி அந்த மண்டபம் நமக்குக் கிடைக்காது என்றும் சொன்னார். "ஏன் இசையைப் போடல?"

"அந்தப் பொண்ணு யோசிச்சிக்கிட்டிருந்தா ஐயா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வர்ற வாரமும் அதே புள்ளைங்கதானே?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பள்ளியில் சீனச்சி என்று கூப்பிட்டவர்கள் பிறகும் கூப்பிட்டார்கள். இப்போது கோமதி திரும்பி நின்று, "பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றாள். பாடகர் குழுவில் பிலோமினா கடைசி வரிசையிலேயே இருந்தாள். பஸ்ஸில் மட்டும் மறுபடி ஒரே இருக்கை.

உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். பேச்சு நிற்கும், கை தானாக இசைக்குப் போகும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் போடுவதற்கு முன் நிறுத்தியவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விழாவுக்கு அடுத்த ஞாயிறு ஒலிபரப்புக்குக் கொஞ்சம் முன்னால் அறைக் கதவு திறந்தது. விழாத் தலைவர் நின்றிருந்தார். கையில் பிஸ்கட் டின் இல்லை, சுகுணாவின் கை இருந்தது. நான் சண்டைக்குத் தயாரானேன்.

"அன்னிலேர்ந்து வீட்டுல யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "கேட்டா ஒரே பேச்சு."

"என்ன சொல்றா?"

அவர் மகளைக் குனிந்து பார்த்தார். சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் பேச வரும் அக்கா. யாரும் கேக்கல."

கோமதியும் பிலோமினாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிலோமினா மூலையில் கிடந்த மரப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து மைக்கின் அடியில் போட்டாள். கோமதி சுகுணாவை அதன்மேல் ஏற்றி நிறுத்தினாள். மிளகாய்த்தூள் வாசனையில் சுகுணாவுக்கு ஒரு தும்மல் வந்தது. தலைவர் வெளியே தாழ்வாரத்தில், சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொல்வது வழக்கம். "கோமதி" என்றாள் கோமதி. "பிலோமினா" என்றாள் பிலோமினா. பிறகு சுகுணாவின் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. இரண்டு பக்கமும் இருவரும் அவசரப்படாமல் நின்றார்கள்.

"சுகுணா" என்றாள் அவள்.

மிகச் சிறிய குரல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அபாங் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்.